ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கையெழுத்துகள்

1998 பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்றாவது வாரமாக மழை. பள்ளிப் பேருந்தின் கண்ணாடித் துடைப்பான் ஒன்று இன்று காலை கழன்று பாதாம் தோப்புக்குள் பறந்து போய்விட்டது. இறங்கி எடுத்துவர எனக்கென்ன பைத்தியமா, முழங்கால் வரை சேறு. மீதி வழியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தபடி ஓட்டினேன். இப்போது கழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் ரோசெல் வந்தாள், ஒரு பெட்டி நிறையத் தாளோடு. கால்நடை டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். ஊரில் எந்த நாய்க்கு என்ன வியாதி என்பது வரை தெரியும். குதிரையை மனிதர் தின்பதற்காக வெட்டுவதும், வெட்டுக்கு விற்பதும், வெட்டுக்கு ஏற்றிப் போவதும் கலிஃபோர்னியாவில் குற்றம் என்று சட்டம் வரவேண்டுமாம். நவம்பர் வாக்குச்சீட்டில் அந்தக் கேள்வி ஏற, மாநிலம் முழுக்க நாலு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வேண்டும்.

"இங்க யாருடீ குதிரை திங்கறா?" என்றேன்.

"இங்க திங்கலடீ. டெக்ஸாஸ்ல வெட்டி, பெல்ஜியத்துக்கும் பிரான்ஸுக்கும் விமானத்துல போகுது. நம்ம ஏல மைதானத்துலேர்ந்துதான் லாரி லாரியா கெளம்புது. தெரியாத மாதிரி கேக்காத ஓலெட்டா."

தெரியும்தான்.

விதிகளைப் படபடவென்று ஒப்பித்தாள். கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனித் தாள். தாளின் அடியில் கையெழுத்து வாங்குகிற நான், என் பேரையும் நான் நிஜமாகக் குடியிருக்கும் விலாசத்தையும் என் கையாலேயே எழுதவேண்டும். "அங்க பொய் எழுதினா மொத்தத் தாளும் குப்பைக்குப் போயிடும், புரியுதா?" புரிந்தது. காபி கொதிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் அவ்வளவு சட்டென்று ஒத்துக்கொண்டேன் என்பதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கு எழுத மாட்டேன்.

பிப்ரவரி 21, சனி

அறுபத்தொரு கையெழுத்து! ஒரே நாளில்! ஐம்பத்து நாலு வயதில் எனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது தெரியவந்திருக்கிறது.

ஏல மைதானத்தில் தகரக் கூரைக்கு அடியில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் நின்றார்கள், எல்லோரும் போட்டார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் தொப்பியில் இருந்த தண்ணீரை என் தாள்மேல் சொட்டிக்கொண்டே போட்டார்கள். ஒரு அம்மாள் குழந்தையின் கையைப் பிடித்துப் போட வைக்கப் பார்த்தாள், தடுத்தேன்.

பிறகு ஒரு ஆள் வந்தார். பச்சை மழைக்கோட்டு, நரைத்த மீசை. தாளை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், பொடி எழுத்து எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் படித்தார். அதுவரை ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. ஆகா, நமக்கு ஒரு தரமான கையெழுத்து கிடைக்கப் போகிறது என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார்.

"அப்புறம் என்ன, போடுங்க."

"போட முடியாதும்மா. மூணாவது வரியில 'ஏற்றிச் செல்பவர்'னு ஒருத்தரைச் சொல்லுதே, அது நான்தான்."

கொட்டகைக்குப் பின்னால் அவருடைய லாரி நின்றது. சாம்பல் நிற டிரெய்லர், பக்கவாட்டில் வரிசையாகக் காற்றோட்ட ஓட்டைகள். நான் "ஓ" என்றேன். அவ்வளவுதான் வந்தது. நாலு நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போனதோ.

"உதடு நீலமாயிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு காபி வாங்கி வந்து கொடுத்தார். பேர் ஜெர்மானோ பெட்டன்கோர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெர்சட் மாவட்டத்தில் வீடு. நாலு வயதில் போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவிலிருந்து கப்பலில் வந்தவர். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அந்தக் காபியைக் கொடுக்கும்போது அவர் கை. சீ. அதைப் பற்றி எழுதக் கூடாது.

மார்ச் 7, சனி

"ஏலத்துக்கு யாருடீ லிப்ஸ்டிக் போட்டுட்டு வருவா?" என்று ரோசெல் எல்லார் முன்னாலும் கேட்டாள். உதடு வெடிக்கிறது என்றேன். "சிவப்பா வெடிக்குதா?" என்றாள். அவளைத் தோழி என்று சொல்லிக்கொள்வது எனக்குத் தேவையா?

அவர் வந்தார். இரண்டு காபி. வந்தவர் போகாமல் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கையெழுத்துப் போட வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நின்னாதான் என்ன?" என்று கேட்டேன்.

"மழைக்குக் கூரை இங்கதாங்க இருக்கு."

பொய். மைதானம் முழுக்கக் கூரைதான். நாற்பது கையெழுத்துதான் கிடைத்தது, எனக்கு வருத்தமே இல்லை. நான் எந்தப் பக்கம்? ஓலெட்டா, நீ எந்தப் பக்கம்?

மார்ச் 15, ஞாயிறு

நெடுஞ்சாலை உணவகத்தில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை சாப்பிடப் போனோம். சண்டை போடத்தான் போனோம், நியாயமாகச் சொன்னால்.

அவர் சொன்னார்: "வெட்டுறது பாவம்னு சொல்றீங்க, சரி. இருபத்தெட்டு வயசுக் குதிரை, பல்லு கிடையாது, கால் இழுக்குது. டாக்டர் ஊசி, குழி தோண்ட எந்திரம், இதெல்லாம் யார் பண்றா? போன வருஷம் மலையடிவாரத்துல நாலை அவுத்து விட்டுட்டுப் போயிருக்கான் ஒருத்தன். எலும்பும் தோலுமா நின்னுச்சு. வேலிக்கட்டையைக் கடிச்சுத் தின்னிருக்கு. நான் பாத்தேன், நீங்க பாக்கல."

"அதுக்காக ரெண்டு நாள் டிரெய்லர்ல நிக்க வச்சு ஆயிரத்தைந்நூறு மைல் கொண்டுபோகணுமா? அதை நீங்க பாத்தீங்க, நான் பாக்கல. அது நல்லாயிருந்துச்சா?"

முள்கரண்டியால் பையின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் நசுக்கிக்கொண்டிருந்தார். "இல்ல," என்றார்.

இந்த ஆளிடம் சண்டை போடவும் முடியவில்லை! ஒத்துக்கொள்கிறார்!

பிறகுதான் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். சட்டம் வந்துவிட்டால்? டெக்ஸாஸில் அவருடைய அண்ணன் இருக்கிறாராம், வேலையும் அங்கேதானாம். "இந்த மாநிலத்துலேர்ந்து ஏத்தக் கூடாதுன்னா, ஏத்தக்கூடிய இடத்துக்குப் போகணும். ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

செர்ரி எந்த ருசியில் இருந்தது என்று ஞாபகமில்லை. இருநூற்றுப் பத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் இந்த மனுஷனை ஆளுக்கொரு அடியாக டெக்ஸாஸ் பக்கம் தள்ளுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 28, சனி

பாஸ்க் ஓட்டலில் நடனம். காலணிக்குள் கால் வீங்கிவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை! லாரி ஓட்டுகிறவனுக்கு இப்படி ஆடத் தெரியும் என்று யார் நினைப்பார்கள்? ஒரு சுற்றில் என்னைத் தூக்கியே விட்டான். மேஜையில் இருந்த கிழவர்கள் கை தட்டினார்கள். ("அவர்" என்று எழுத இனிமேல் கை வராது. தூக்கிவிட்டான் அல்லவா.)

வெளியே வந்து காற்று வாங்கும்போது என் குதிரை பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். புருஷன் ஸ்டான் என்னை விட்டுப் போன வருடம், எண்பத்தாறு. கையில் ஒன்றும் இல்லை, பிஸ்கட்டுக்குக் காலில் நோவு. நானே ஏல மைதானத்துக்கு ஓட்டிப் போய் விட்டேன். வாங்கினவன் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அடிமாட்டு விலைக்குத்தான் போனான் என்று தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு வருடம், எங்கோ ஒரு நல்ல இடத்தில் இருக்கிறான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"நீ ஏத்துனியா?" என்று கேட்டேன்.

"எண்பத்தொம்பதுலதான் இந்த வேலைக்கு வந்தேன்," என்றான். அப்புறம், "நான் ஏத்தியிருந்தாலும் உன்கிட்ட இதையேதான் சொல்லியிருப்பேன்," என்றான்.

நான் அழுதேன், சிரித்தேன், மூக்கு ஒழுகியது. அவன் கைக்குட்டையில் டீசல் வாசனை.

ஏப்ரல் 4, சனி

போச்சு. எல்லாம் போச்சு!

இல்லை, எழுது. வரிசையாக எழுது.

கடைசி ஏல நாள். நானூற்று முப்பத்தெட்டுக் கையெழுத்து. பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை ரோசெல் வாங்கிப் போக வருவாள். நான் மேஜையை மடித்துக்கொண்டிருந்தேன், ஜெர்மானோ தாள்களை அடுக்கிக் கொடுத்தான். அடுக்குகிறவன் நின்று படிக்க ஆரம்பித்தான். அவனுக்குத்தான் எதையும் படிக்காமல் விடத் தெரியாதே. முகம் ஒரு மாதிரி ஆனது. எழுந்து லாரிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கால் மணி நேரம். கோபமா, வயிற்று வலியா, ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வந்தான். "சொல்லலாமா வேண்டாமான்னு உக்காந்து யோசிச்சேன். சொல்லிடறேன். எல்லாத்தையும் ஸ்டானிஸ்லாஸ் தாள்ல வாங்கியிருக்கியே, ஏன்?"

"ஏல மைதானம் ஸ்டானிஸ்லாஸ் மாவட்டத்துலதானே இருக்கு?"

"மைதானம் இருக்கு. ஆளுங்க? இது சில்வேரா வீடு, இது டோஸ்ட் குடும்பத்துப் பண்ணை, இது கால்வாய் தாண்டி. பாதிப் பேரு ஆத்துக்கு அந்தப் பக்கம்மா! மெர்சட்! போடறவங்க குடியிருக்கற மாவட்டம்தான் கணக்கு, நீ மேஜை போட்ட மாவட்டம் இல்ல. ஒரு தடவை குதிரைச் சான்றிதழ்ல டாக்டர் மாவட்டத்தை மாத்தி எழுதிட்டாரு, அரிசோனா எல்லையில வெயில்ல ஒரு நாள் முழுக்க என்னை நிறுத்தி வச்சாங்க. மாவட்டம் தப்புன்னா இவங்க எதையும் ஏத்துக்க மாட்டாங்க."

நான் மேஜை போட்ட இடம்! இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டுகிறேன், பிள்ளைகளை ஏறின இடத்தை வைத்தா கணக்கெடுக்கிறேன், வீட்டை வைத்துத்தானே! மூளையை எங்கே வச்சுட்டு வந்தேன்? லிப்ஸ்டிக் டப்பாவுலயா?

உட்கார்ந்து எண்ணினோம். நூற்றுத் தொண்ணூற்றொன்று செல்லாது.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் சும்மா இருந்திருக்கலாம். அவன் பிழைப்பைக் கெடுக்கிற நூற்றுத் தொண்ணூற்றொரு கையெழுத்து தானாகக் குப்பைக்குப் போயிருக்கும், எனக்குத் தெரியவே தெரியாது. லாரியில் உட்கார்ந்து யோசித்த கால் மணி நேரம் இதுதான்.

ஐயோ. நான் இந்த ஆள்மேல் பைத்தியமாகிவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஈஸ்டர் விடுமுறை, பேருந்து இல்லை, கடவுள் இருக்கிறார். புது மெர்சட் தாள்களை எடுத்துக்கொண்டு, மறுபடி கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகிறேன். விலாசம் எல்லாம் கோழிக் கிறுக்கல். ஜெர்மானோதான் வழி காட்டுகிறான், அவனுடைய பிக்கப் வண்டியிலேயே! "நான் எறங்க மாட்டேன். எவனாவது பாத்தான்னா என் மானம் போயிடும்," என்று தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எல்லா வீடும் அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று முதல் நாள் நான் யோசிக்கவே இல்லை. இன்று சில்வேரா வீட்டில் தெரிந்தது. அந்த அம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு, கண் கலங்க, "இந்த வாயில்லாத ஜீவனுங்களைக் கொல்ல யாருக்குத்தான் மனசு வருமோ!" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். வண்டியில் இருந்தவனைப் பார்த்தாள். பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஜெர்மானோ தொப்பியைத் தூக்கி, "சௌக்கியமா மிஸஸ் சில்வேரா?" என்றான். வேண்டுமென்றே! ரொம்பப் பணிவாக!

அந்த அம்மாள் கழுத்து வரை சிவந்து, கையெழுத்தை முன்னைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டு, கையில் ஒரு முழு இனிப்பு ரொட்டியைத் திணித்துக் கதவைச் சாத்தினாள். தெருமுனை திரும்புகிற வரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தோம், வயிறு வலிக்க. போன வருடம் இரண்டு குதிரை கொடுத்தாளாம். "இந்தத் தெருவுல நான் ஏத்தாத வீடு மூணுதான் இருக்கு."

சிரித்து முடித்த பிறகு ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். நான் பிஸ்கட்டை நினைத்தேன். சில்வேராவை ஏளனம் பண்ண எனக்கு என்ன யோக்கியதை.

ஏப்ரல் 13, திங்கள்

நூற்று எண்பத்திரண்டு மீட்டாயிற்று! ஒன்பது பேர் ஊரில் இல்லை. ரோசெல் எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த மெர்சட் அடுக்குல எலுமிச்சை ஐஸ்க்ரீம் கறை எப்படிடீ வந்துச்சு?" என்றாள். விதியில் ஐஸ்க்ரீம் பற்றி ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

போர்ச்சுகீசியத் திருவிழா. ஊர் முழுக்க இலவச மாட்டிறைச்சிச் சாறு, ரொட்டி, புதினா வாசனை. மாநிலமே கையெழுத்தை எண்ணிச் சரி என்று சொல்லிவிட்டது, நவம்பர் சீட்டில் ஏறுகிறது! ரோசெல் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். நானும் கத்தினேன். ஜெர்மானோ இரண்டு தட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"வாழ்த்துகள்," என்றான். நிஜமாகவே சொன்னான், அதுதான் தாங்கவில்லை.

அண்ணன் நேற்று டெக்ஸாஸிலிருந்து கூப்பிட்டானாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறதாம்.

செப்டம்பர் 20, ஞாயிறு

என் வேலியில் 'ஆம்' பலகை. அவன் வேலியில் 'வேண்டாம்' பலகை. என் பலகையை அவன்தான் நட்டுக் கொடுத்தான், நான் ஆணி அடித்தால் கோணும் என்று. அவன் பலகையை நான் நட்டேன். கோணிப்போனது. வேண்டுமென்றே இல்லை.

(வேண்டுமென்றேதான்.)

அக்டோபர் 25, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னான்: "நீ ஆம்னு போடுவ, நான் வேண்டாம்னு போடுவேன். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுடும். பேசாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்துடலாமா? உருளைக்கிழங்கு வறுத்துத் தரேன்."

"நான் ஏமாறுவேன்னு நெனச்சியா?"

"நீ போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுவ, கொல்லைப் பக்கமாப் போயிப் போட்டுட்டு வந்துடுவ. எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். ரெண்டு பேரும் போவது என்று முடிவு. போட்டுவிட்டு வந்து உருளைக்கிழங்கு.

நவம்பர் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் போட்டுவிட்டேன். சீட்டில் துளை போடுகிற ஊசியை, விழுந்ததோ இல்லையோ என்று இரண்டு தடவை குத்தினேன்.

மத்தியானம் பேருந்துக் கொட்டகைக்கு ஃபோன். ஜெர்மானோ. தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு போய்விட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவன், செல்மா ஊரில் லாரி அச்சு உடைந்து நிற்கிறான். எண்பது மைல். நாளைக்குத்தான் சரியாகுமாம்.

"வர முடியாது ஓலெட்டா. எட்டு மணிக்குச் சாவடியை மூடிடுவாங்க. உன் பக்கத்துக்கு ஒண்ணு லாபம்," என்று சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

பிள்ளைகளை வீட்டில் விட்டு, நாலே முக்காலுக்குப் பேருந்தை நிறுத்தினேன். சாவியை மாட்டினேன். என் வண்டியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். ஒன்பது மாதமாக இந்தச் சட்டத்துக்குத்தானே தெருத் தெருவாக அலைந்தேன்? பேசாமல் வீட்டுக்குப் போ, காலை நீட்டு, தொலைக்காட்சியைப் போடு! ஆனால் அந்தக் கால் மணி நேரம் நினைவுக்கு வந்தது. ஏல மைதானத்தில் லாரிக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தானே, அது.

ரோசெலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "எதிரிக்கு ஓட்டு அள்ளிட்டு வரப்போறியா? உனக்குக் கழண்டுடுச்சுடீ!" என்று ஃபோனிலேயே அலறினாள்.

தெற்கே பறந்தேன். பெட்ரோல் நிலையத்துச் சுவரில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவன், என் வண்டியைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"எதுக்கு வந்த?"

"வாயை மூடிட்டு ஏறு. ஒன்றரை மணி நேரந்தான் இருக்கு."

வழியெல்லாம் அவன் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தான். என் வாய் மூடவே இல்லை. ஃப்ரெஸ்னோவில் நெரிசல், மதேராவில் தக்காளி லாரி முன்னால் ஊர்ந்தது, நான் ஹாரன் அடித்த அடியில் அந்த ஓட்டுநர் கையை வெளியே நீட்டி என்னென்னவோ காட்டினான். ஏழு ஐம்பத்து மூன்றுக்குப் போர்ச்சுகீசிய மண்டபத்து வாசல். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவன் உள்ளே ஓடினான். வாசலில் இருந்த அம்மாள் என் சட்டையில் குத்தியிருந்த 'ஆம்' வில்லையைப் பார்த்துவிட்டு, "அதைக் கழட்டுங்க, சாவடிக்குள்ள வரக் கூடாது," என்றாள். கழற்றிப் பையில் போட்டேன்.

வெளியே வந்தான்.

"போட்டியா?"

"போட்டேன்."

"வேண்டாம்னுதானே?"

"பின்ன? இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு, மாத்தியா போடுவேன்?"

பிறகு என்னை முத்தமிட்டான். மண்டபத்து வாசலில், எல்லோருக்கும் முன்னால், விளக்கு வெளிச்சத்தில்! சாவடி அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் விதி இல்லை போலிருக்கிறது.

நவம்பர் 4, புதன்

ஜெயித்துவிட்டோம். அதிக வித்தியாசத்தில். எங்கள் இருவர் ஓட்டும் எதையும் மாற்றவில்லை.

ரோசெல் கேக் கொண்டுவந்தாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பிஸ்கட்டுக்குச் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன், காலியாகக் கிடக்கும் கொட்டகைக்குள் போய் நின்று. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 29, ஞாயிறு

ஜெர்மானோ டெக்ஸாஸ் போயிருக்கிறான். அறையைப் பார்க்க. "பாக்கத்தான் போறேன்," என்றான். சரி, பாரு, என்றேன்.  நான் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த சட்டமாச்சே.

டிசம்பர் 19, சனி

வந்துவிட்டான். வேலை உண்டாம், ஜனவரி பதினொன்றாம் தேதியிலிருந்து. உருளைக்கிழங்கு வறுத்தான். கருகிப்போனது, இருவரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தின்றோம்.

1999 ஜனவரி 9, சனி

காலை ஆறரைக்கு அவன் ஃபோன். "கெளம்பி வா. இப்பவே."

போனேன். ஆற்றுப் பாலத்தில் பனிமூட்டம். அவன் வீட்டு வாசல் கம்பிக் கதவில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை கட்டியிருந்தது. சாம்பல் நிறம், முதுகு தொய்ந்து, கண்ணைச் சுற்றி நரை. தலைக்கயிற்றில் ஒரு சீட்டு செருகியிருந்தது: 'ஜெர்மானோவுக்கு. எப்போதும்போல் பார்த்துக்கொள்ளவும்.' பேர் கிடையாது.

"எப்போதும்போல்!" என்றான் அவன். "பாத்தியா? எனக்கு இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. ஏத்தினா குற்றம். அவுத்துவிட்டா அதுவும் குற்றம். என் எடமோ வெறும் ஜல்லி, ஒரு புல்லு கிடையாது. இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். உன் சட்டம்தானே, நீயே தீனி போடு!"

"போடறேன்! ஏன், போடமாட்டேன்னு நெனச்சியா?"

"பல்லு இல்ல அதுக்கு. ஊறவச்சுக் கொடுக்கணும். ஒரு நாளைக்கு மூணு வேளை. உனக்குக் காலைல அஞ்சரைக்கே பேருந்து."

"அப்ப நீ வந்து கொடு!"

 குதிரை அவன் கோட்டுப் பையை முகர்ந்து பார்த்தது. அந்தச் சாம்பல் டிரெய்லரிலேயே ஏற்றினோம், மெதுவாக, அவன் பின்காலைத் தாங்கிப் பிடிக்க. ஆற்றைக் கடந்து என் கொட்டகைக்கு. மொத்தம் ஆறு மைல். அந்த டிரெய்லர் போனதிலேயே மிகச் சின்னப் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 11, திங்கள்

இன்று அவன் டெக்ஸாஸில் இருக்கவேண்டிய நாள். மூன்று வேளையும் வந்தான். அண்ணனிடம் என்ன சொன்னானோ தெரியாது, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 24, ஞாயிறு

இன்னும் ஒன்று! மட்டக் குதிரை, ஒரு கண். இந்தத் தடவை சீட்டுகூட இல்லை. கயிற்றைப் பார்த்ததும் அவன், "சில்வேரா வீட்டுக் கயிறு, பச்சை முடிச்சு," என்றான். நான் நேரே போய்க் கதவைத் தட்டினேன். மிஸஸ் சில்வேரா என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், உள்ளே போய்ப் பன்னிரண்டு கட்டுப் புல்லுக்கு ஆளைக் கூப்பிட்டாள். கூடவே ரொட்டி.

பிப்ரவரி 7, ஞாயிறு

மூன்றாவது. சாம்பல் டிரெய்லரைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். பக்கவாட்டை அறுத்துத் திறந்து, வைக்கோல் பரப்பிவிட்டான். மட்டக் குதிரைக்கு அதுதான் இடம் இப்போது. நடுங்கியபடி உள்ளே போனது, பிறகு படுத்துத் தூங்கிவிட்டது. வாரநாட்களில் பாதாம் தோலை மாட்டுத் தீனிக்காகப் பால்பண்ணைகளுக்கு ஏற்றிப் போகிறான். "பாதாம் உதைக்காது," என்கிறான்.

பிப்ரவரி 13, சனி

காலையில் கொட்டகைக்குப் போனேன். கதவில் ஆணியடித்து ஒரு தாள் தொங்கியது. யாருக்கு எப்போது தீனி என்ற பட்டியல், ஜெர்மானோவின் கொட்டை எழுத்தில். போன வருடம் மிஞ்சிப்போன மனுத்தாளிலேயே எழுதியிருக்கிறான், காகிதம் வீணாகக் கூடாதாம்.

பெயர் என்ற கட்டத்தில்: கிழவி. ஒற்றைக்கண்ணன். மூன்றாவதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை, கேள்விக்குறி. கையெழுத்து என்ற கட்டத்தில்: காலை, மத்தியானம், மாலை. மாவட்டம் என்ற இடத்தில், அடிக்கோடிட்டு: ஸ்டானிஸ்லாஸ்.

சிரித்துக்கொண்டே தாளின் கீழ்வரிகளுக்கு வந்தேன். அடியில், தாளைக் கொண்டுவந்தவர் தன் கையாலேயே எழுதவேண்டிய அந்த இடம். நிஜமாகக் குடியிருக்கும் விலாசம், பொய் எழுதினால் மொத்தத் தாளும் செல்லாது. பேர்: ஜெர்மானோ பெட்டன்கோர். கையெழுத்து, தேதி எல்லாம் ஒழுங்காக. விலாசம்: என் வீட்டு எண், என் தெரு.

மூன்று தடவை படித்தேன். பிறகு வீட்டுக்குள் போய், என் துணி அலமாரியில் பாதியைக் காலி பண்ணினேன்.